முன்கதைக்கு எதிராக

1

இந்தக் கதை ஒரு தியேட்டர் இடைவேளையில் பிறந்தது. ‘தூரக்கோள்’ வரிசையின் எட்டாவது படம் வந்திருந்தது. முதல் படத்துக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லப்போகிறோம் என்று போஸ்டரிலேயே மிரட்டியிருந்தார்கள். தமிழ் டப்பிங், வெள்ளிக்கிழமை சாயங்காலக் காட்சி. விளக்கு எரிந்ததும் எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பெண் எழுந்து நின்று, காலியான திரையைப் பார்த்து, “யாரு கேட்டாங்க உங்கள?” என்று கத்தினாள். பாப்கார்ன் வாங்கக் கிளம்பியவர்கள் அப்படியே நின்றார்கள். பக்கத்திலிருந்தவன், “உக்காரு இஷ்ரத், மானம் போவுது” என்றான்.

படம் விட்டதும் வண்டி நிறுத்துமிடத்தில் நானே போய்ப் பேசினேன். கதை எழுதுகிறவன் என்று சொன்னேன். பிறகு பல தடவை சந்தித்தோம். எழுதிக்கொள்ளச் சம்மதித்தாள், ஒரு நிபந்தனையோடு.

“என்னோட ஃபிளாஷ்பேக் மட்டும் போடாதீங்க. போட்டா அந்தப் படம் எடுத்தவனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்ல.”

பெயர்களை மாற்றியிருக்கிறேன். கோபத்தை மாற்றவில்லை.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

‘இஷ்ரத்துக்குப் பத்து வயதிருக்கும்போது அவள் அத்தா ஒரு நாள்—’

(வேண்டாம். இது முன்கதை.)

‘கல்யாணமான புதிதில், ஒரு மழை நாளில், உஸைர் கடையை அடைத்துவிட்டு வந்து—’

(இதுவும் அதேதான். பேனாவைக் கீழே வைத்தால் தானாகப் பின்பக்கம் உருள்கிறது. பழக்கதோஷம்.)

ஆகவே இப்போது இருப்பதிலிருந்து தொடங்குகிறேன். இஷ்ரத்துக்கு முப்பத்து மூன்று வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நெல்லித்தோப்பில் ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருக்கிறாள். கணவன் உஸைர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். போன மழைக்காலத்தில் அவனைவிட்டு வந்துவிட்டாள். இப்போது குலா கேட்டிருக்கிறாள். அதாவது பெண் கேட்டு வாங்கும் மணவிலக்கு. ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை.*

* எனக்கும் சொல்லவில்லை. “காரணம் இருக்கு. ஆனா கதையா சொல்ற மாதிரி இல்ல” என்றாள் ஒரு முறை. அவ்வளவுதான்.

3

தியேட்டரில் மானத்துக்குப் பயந்தவன் நெடுமாறன். இஷ்ரத்தின் கல்லூரித் தோழன், லாஸ்பேட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். இருவரும் சேர்ந்து ‘ரெண்டு டிக்கெட்’ என்று ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறார்கள். மறுநாள் காலை அவள் வீட்டு மொட்டைமாடியில் செல்போனை நிறுத்திவைத்துப் படத்துக்குத் தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தார்கள்.

“எனக்குப் பிடிச்சிருக்கு” என்று ஆரம்பித்தான் நெடுமாறன். “ஏழு படமா தெரியாதது இப்பத் தெரிஞ்சுது. கேப்டன் இல்வா ஏன் சொந்தக் கோள விட்டு வந்தா, ஏன் இறுகிப்போனா, எல்லாம் புரியுது.”

“இறுகிப்போனான்னு உனக்கு யாரு சொன்னா?”

“பாத்தா தெரியல?”

“எனக்குத் தெரியல. நிம்மதியா இருந்த மாதிரிதான் தெரிஞ்சுது. சரி, முதல் படத்துல அவ புருஷன் எப்படி இருப்பான், சொல்லு.”

“போட்டோல மட்டும் வருவான். செடி வளக்கறவன். சிரிச்சிக்கிட்டிருப்பான்.”

“நல்லவன்தானே?”

“நல்லவன் மாதிரிதான்.”

“நல்லவனா இருந்தும் விட்டுட்டுப் போனா. அதான்டா இல்வா. இப்ப அவன் கையில சவுக்கக் குடுத்துட்டாங்க. புள்ளயச் சாகடிச்சிட்டாங்க. அடி வாங்காம, புள்ளயப் பறிகொடுக்காம ஒரு பொம்பள வாசலத் தாண்டினா இவனுங்களுக்குச் சோறு இறங்காதா?”

“கதைன்னா காரணம் வேணும்ல?”

“அதே முதல் படத்துல பைலட்டு பையன் கேப்பான்ல, ஏன் மேடம் ஊர விட்டு வந்தீங்கன்னு. அவ என்ன சொல்லுவா?”

நெடுமாறன் சிரித்துவிட்டான். அவர்கள் வயதுக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்த வசனம் அது. “பதில் வேணுமா, கப்பல் ஓடணுமா?”

“இதுல அத யாரு சொல்றது?”

அவன் சிரிப்பு நின்றது. புதிய படத்தில் அதை ஒரு தளபதி சொல்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டே இல்வா அவனிடம் அதைக் கற்றுக்கொள்கிறாள்.

“கிராபிக்ஸ் நல்லா இருக்கு. உப்புப் பாலைவனம் பிரமாதம். நடிச்ச பொண்ணும் உயிரக் குடுத்து நடிச்சிருக்கா. அதனாலதான் இன்னும் எரியுது” என்றாள் இஷ்ரத். “மோசமாப் பொய் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. இது நல்லாச் சொல்லியிருக்கு. இனிமே முதல் படத்த யார் பாத்தாலும் அந்தச் சவுக்குதான் ஞாபகம் வரும். எடுத்த படத்த இன்னொரு படத்தால கெடுக்க முடியும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன். மார்க்கெல்லாம் கிடையாது. நான் இந்தப் படத்த ஒத்துக்கல.”

நெடுமாறன் வெட்டாமல் ஒட்டாமல் அதை அப்படியே ஏற்றினான். மூன்று நாளில் ஊரெல்லாம் பார்த்தது.

4

அதில் அவள் அண்ணன் கரீமும் ஒருவன். கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். பாசக்காரன், அவசரக்காரன். மாடியேறி வந்தவன் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

“சினிமாக்காரிக்காக இந்தக் கத்து கத்தறே. உனக்காக ஒரு வார்த்த பேச மாட்டேங்கறே.”

“என்னண்ணே பேசணும்?”

“ஞாயித்துக்கிழம ஜமாத்துல கூப்ட்டிருக்காங்க. கை ஓங்கினான்னு சொல்லு. அன்னிக்கே முடிஞ்சிரும்.”

“அவரு ஓங்கல.”

“தெரியும். அதனாலதானே இழுத்துக்கிட்டே போவுது! குடிச்சானா, இல்ல. வேற சகவாசமா, இல்ல. நான் யாருகிட்ட என்னன்னு சொல்லி மூஞ்சியக் காட்டுவேன்? உன் அண்ணிக்குப் பொறந்த வீட்டுல பதில் சொல்ல முடியல.”

“இருக்க முடியலன்னு சொல்லுங்க.”

“அது ஒரு காரணமா?”

இஷ்ரத் கையிலிருந்த டம்ளரைத் தொட்டிக்குள் எறிந்தாள். எவர்சில்வர், உடையவில்லை, சத்தம்தான் கீழ்வீடு வரை கேட்டது. “பொய் சொல்லித்தான் எனக்கு விடுதல கெடைக்கும்னா, அந்த விடுதலைய நீயே வெச்சிக்கோ” என்றாள்.

கரீமை அதுவரை அவள் ‘நீ’ என்று சொன்னதில்லை.

5

(இந்த இடம் வரை எழுதியதை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் கலைவாணி போன் செய்தார்.

“நல்லா போகுது சார். ஆனா உஸைர் இவ்ளோ நல்லவரா இருந்தா இஷ்ரத் மேல வாசகருக்கு இரக்கம் வராதே. சின்னதா ஏதாவது. ஒரு ராத்திரி, ஒரு வார்த்த.”

இரக்கம் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் உட்கார்ந்து எழுதினேன்:

‘உஸைர் பேசவே மாட்டான். சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டு அவன் எழுந்து போகும் சத்தம் அவளுக்கு ஒவ்வொரு நாளும்—’

எவ்வளவு லகுவாக வருகிறது பாருங்கள்! ஒரு வாக்கியத்தில் ஒரு மனிதனைச் சாய்த்துவிடலாம். அந்த மனிதனை நான் பார்த்திருக்கிறேன். அவன் கடையில்தான் என் கண்ணாடிக்குப் பவர் மாற்றினேன். உண்மையிலேயே நல்லவன். எனக்கே அது எரிச்சலாகத்தான் இருந்தது.

வாக்கியத்தை அடித்தேன். கலைவாணிக்கு முடியாது என்று சொன்னேன். கதை திரும்பி வந்தது.)

6

ஞாயிறு சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசலை ஒட்டிய கட்டடத்தின் மாடி அறையில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் இஷ்ரத்தும் கரீமும். எதிரில் உஸைர், தனியாக. யாரையும் துணைக்கு அழைத்து வரவில்லை.

“மார்க்கத்துல இடம் இருக்கும்மா” என்றார் நடுவிலிருந்த ஹஜ்ரத். “நீ வேணாம்னா வேணாம்தான். ஆனா ஏன்னு ஒண்ணு வேணாமா? எங்க மனசுக்காவது?”

இஷ்ரத் வாயைத் திறப்பதற்குள் கரீம் எழுந்துவிட்டான். “அடிச்சிருக்கான் ஹஜ்ரத். ரெண்டு மூணு தடவ. வெக்கப்பட்டுக்கிட்டு சொல்ல மாட்டேங்குது.”

எல்லோரும் உஸைரைப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்தது. கரீமைப் பார்த்தான், பிறகு இஷ்ரத்தைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“ஆமா” என்றான். “அடிச்சேன். அப்படியே வெச்சிக்கிட்டு முடிச்சிக் குடுத்துருங்க.”

(இங்கே நான் எழுந்து தண்ணீர் குடித்தேன். இதை நான் கற்பனை செய்திருந்தால் என்னையே மெச்சிக்கொண்டிருப்பேன்.)

இஷ்ரத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்ன அண்ணன்மேல் வந்ததைவிட, அதைச் சுமக்க முன்வந்தவன்மேல் வந்த கோபம் பெரிது.

“நீங்க சும்மா இருங்க!” என்றாள் உஸைரிடம். “யாரக் கேட்டு இத ஒத்துக்கறீங்க? நாளைக்கு உங்கள எவன் மதிப்பான்? என்னப் பாத்தா அடி வாங்கின பொண்ணுன்னு தலையத் தடவுவாங்க. எனக்கு அது வேணாம்.” ஹஜ்ரத்தின் பக்கம் திரும்பினாள். “இவரு ஒரு நாள்கூட என்னத் தொட்டு அடிச்சதில்ல. திட்டினதில்ல. எங்கண்ணன் சொன்னதும் நடக்கல, இவரு சொன்னதும் நடக்கல. நான் போறேன்னு சொல்றேன், அது மட்டும்தான் நடந்தது. அத எழுதுங்க.”

“அப்ப இவன்மேல ஒரு குத்தமும் இல்லயா?”

“இல்ல.”

“உம்மேல?”

“இருந்தா அல்லாஹ் கேக்கட்டும். பதில் சொல்லிக்கறேன்.”

ஹஜ்ரத் பதிவேட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு உஸைரிடம், “உனக்குச் சம்மதமா தம்பி?” என்றார்.

“அவங்ககிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்” என்றான் உஸைர். “அப்புறம் சொல்றேன்.”

7

இருவரும் வெளியே மாடிப்படிக்குப் போனார்கள். கதவு சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உஸைர் மட்டும் உள்ளே வந்தான், சம்மதம் என்றான், கையெழுத்துப் போட்டான். குலா கிடைத்தது. கரீம் அதற்குப் பிறகு தங்கையோடு பேசவில்லை. நடந்தது இவ்வளவுதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், படியில் பேசியதைத் தவிர.

அவன் என்ன கேட்டிருப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் என்ன சொன்னாள்? அவள் எனக்குச் சொல்லவில்லை. உஸைரிடம் நான் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. நெடுமாறன் கேட்டானாம், சேனலிலிருந்து விலகிவிடுவேன் என்றாளாம்.

இப்போது நீங்கள். உங்களைச் சொல்கிறேன், கதையை இதுவரை வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறவரை. உங்களிடம் ஒரு காரணம் தயாராக இருக்கிறது, எனக்குத் தெரியும். குழந்தை இல்லாததால் இருக்கும், வேறு யாராவது இருப்பான், படித்த திமிர். மூன்றில் ஒன்றை எடுத்து அந்தப் படியில் ஒட்டினால் கதை கச்சிதமாக உட்கார்ந்துவிடும், நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒட்டுங்கள். தடுக்க என்னால் முடியாது. ஆனால் அதற்குக் கீழே உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.