பானெட் சூடு

உள்ளங்கையைப் பானெட்டின் மேல் வைக்கிறேன், சில்லென்று இருக்கிறது, இரவுப் பனி விரல்களில் ஒட்டுகிறது, லுங்கியில் துடைத்துக்கொள்கிறேன், அதற்கு முன்பே எழுந்து பால் பாக்கெட்டை எடுத்து, டீ போட்டு, நின்றபடி குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று, தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்தியாயிற்று, எல்லாக் காலையும் இந்த வரிசைதான், கடைசியில் இந்தப் பழைய பியட், கதவைத் திறக்கிறேன், சோக்கை இழுக்கிறேன், சாவியைத் திருப்புகிறேன், இரண்டு இருமல் இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொள்கிறது, போன் அடிக்கிறது, மாமனார்தான், போட்டாச்சுங்களா மாப்ள என்கிறார், போட்டாச்சுங் மாமா என்கிறேன், வைத்துவிடுகிறார்.

குளிர்ந்த வண்டிதான் உண்மை சொல்லும், அதை நம்பித்தான் பிழைக்கிறேன், பழைய கார் வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிப்போவார்கள், கேட்கிற விலை தகுமா தகாதா என்று நான் சொல்ல வேண்டும், கல்லூரியில் படித்ததில் இதற்கு உதவியது கொஞ்சம், மற்றதெல்லாம் கையும் மூக்கும், கதவை விரல் மூட்டால் தட்டினால் தகரச் சத்தம் வர வேண்டும், மொத்தென்று கேட்டால் அடிபட்ட இடத்தில் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அங்கே காந்தம் ஒட்டாது, கால் விரிப்பைத் தூக்கி முகர்ந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி தெரிந்துவிடும், ஓடிய தூரத்தை மீட்டர் ஒன்று சொன்னால் பிரேக் மிதியின் தேய்ந்த ரப்பர் வேறொன்று சொல்லும், இத்தனைக்கும் முன்னால் பானெட், காலை நேரத்தில் போய்க் கைவைக்க வேண்டும், சூடாக இருந்தால் நாம் வருவதற்குள் யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், குளிரில் கிளம்ப மறுக்கிற எஞ்சின், குளிரில் மட்டும் வருகிற புகை, எதையோ மறைக்கிறார்கள், நான் பானெட்டைத் திறக்கக்கூட மாட்டேன், திரும்பிவிடுவேன்.

பெண் பார்க்கப் போன அன்றும் கை சும்மா இருக்கவில்லை, கவுண்டம்பாளையத்தில் அந்த வீட்டுப் போர்டிகோவில் இதே பியட் நின்றது, வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் வண்டிக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டேன், வாணி ஜன்னலில் நின்றிருக்கிறாள், தனியாகப் பேச விட்டபோது, வண்டி தேறுங்களா என்றாள், தேறும் என்றேன், அப்ப புள்ளைய எப்பப் பாக்கப்போறீங்க என்றாள், கல்யாண மேடையில் குனிந்த தலை நிமிராமல், இன்னிக்கு மூஞ்சியெல்லாம் பட்டி பெயிண்ட்டுங், காந்தம் கீந்தம் வெச்சுப் பாத்தறாதீங்க என்றாள், நான் சிரித்திருக்க வேண்டும், போட்டோவில் சிரித்தபடிதான் இருக்கிறேன், அந்தப் போட்டோவுக்குள் மேடை நீண்டுகொண்டே போய் ஒரு திடலாகிறது, வரிசை வரிசையாக வண்டிகள், ஒவ்வொரு பானெட்டிலும் கைவைத்தபடி நடக்கிறேன், எல்லாம் சூடு, ஆள் ஒருவரும் இல்லை, இப்போதுதான் இறங்கிப் போயிருக்கிறார்கள், விழித்துப் பார்த்தால் கை தலையணைக்கு அடியில் மரத்துக் கிடக்கிறது, தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன், காலை.

அதுவும் ஒரு காலை, அன்னூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், முந்தின நாளே மாமனார் வீட்டுக்குப் போய்விட்டோம், வாணி ஓட்டுவதாகப் பேச்சு, அவள் கார் பழகியதே இந்த வண்டியில்தான், நான் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன், எஞ்சின் ஓடுகிறது, சூடு காட்டும் முள் மெல்ல எழுகிறது, சேலையில் பின் குத்திக்கொண்டிருப்பாள், முள் நடுவுக்கு வந்து நிற்கிறது, பிறகு உள்ளேயிருந்து மாமியார் அத்தையின் அலறல், வாணியின் தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர், பக்கத்திலேயே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார், துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை, அவரப் பாத்துக்கம்மான்னு சொல்லீட்டுத்தான் கண்ண மூடுனா என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான் திருத்தவில்லை, அப்படி ஒரு வார்த்தை அவருக்குத் தேவையாக இருந்தது, பேரூரில் சாம்பல் கரைத்துவிட்டுத் திரும்பும்போது மாமா மட்டும் கேட்டார், நெசமா என்னதான் சொன்னா மாப்ள, சொன்னேன், தலையை ஆட்டிக்கொண்டார், அதன்பின் அந்த வீட்டுப் பக்கம் நான் போகவில்லை.

போக வைத்தவர் திருப்பூர் குணசேகர், பனியன் கம்பெனிக்காரர், புது பங்களாவின் முகப்பில் அப்பன் காலத்து வண்டி ஒன்று நிற்க வேண்டுமாம், கவுண்டம்பாளையத்தில் ஒரு பியட், விலைதான் ரெண்டு பங்காச் சொல்றாங்க, ஆனா நீங்க தேறும்னுட்டா கேக்கற வெலையே குடுத்தர்றனுங் என்றார், தெரிந்த வண்டி என்று நான் சொல்லவில்லை, வழியில் பானெட் சங்கதியை மட்டும் சொன்னேன், ரசித்துக் கேட்டார், வாங்க மாப்ள என்று மாமா கேட்டைத் திறந்ததும், ஏனுங்க, மாமனார் வண்டியா, அப்ப வெல ஏறுமா எறங்குமா என்று குணசேகர் தொடையில் தட்டிச் சிரித்தார், மாமா அவரைத் திண்பண்டத் தட்டோடு கூடத்தில் உட்காரவைத்தார், அத்தை அந்த இடைவெளியில் என்னிடம் வந்து, எப்படியாச்சும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, காத்தால அந்தச் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடறேன், ஓடிப்போய் நின்னு யாரப் பாக்கறது என்றார், எந்தச் சத்தம் என்று எனக்கு விளங்கவில்லை, போய்க் கைவைத்தேன், பானெட் சூடாக இருந்தது.

மாமா பக்கத்தில் நின்றிருந்தார், யாரையும் ஏமாத்தறதுக்கு இல்லீங்க மாப்ள, தெனமும் நாந்தான் போட்டு வெக்கறேன், நீங்க அன்னிக்கு அந்த வார்த்தையச் சொன்னதிலிருந்து, போட்டு வெக்காம இருக்க முடியல, உங்க அத்த வித்தே ஆகோணும்ங்கறா, வெலையக் கூட்டிச் சொன்னா ஒருத்தனும் வரமாட்டான்னு பாத்தேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார், கதவைத் தட்டினேன், எங்கும் தகரச் சத்தம், சுத்தமான வண்டி, தேறும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே திருப்பூர் போய்விடும், கூடத்திலிருந்து குணசேகர் வந்து, எப்படிங் என்றார், கைவெச்சுப் பாருங்க என்றேன், வைத்தார், என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பெரியவருங்க, நீங்களுமா என்று மட்டும் சொன்னார், மாமா கேட்டைத் திறந்துவிடப் போனார், காரில் ஏறும்போது, மாமனாருன்னு பாக்காம நேர்மையா நடந்துட்டீங்க என்று என் கையைக் குலுக்கினார்.

இந்த ஆளையும் தொரத்தி உட்டாச்சா என்று அத்தை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார், வண்டிய நான் எடுத்துட்டுப் போறனுங் அத்த, இனிமே சத்தம் இங்க கேக்காது என்றேன், யோசித்துச் சொன்னதில்லை, வாய்க்கு வந்தது, மாமா சாவியை எடுத்துவந்தார், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார், நீங்களே சொல்லுங்க மாப்ள, இது என்ன பெறும் என்றார், அத்தனை வண்டிகளுக்கு விலை சொன்னவன், பானெட்டை ஒருமுறை தடவினேன், அவரே என் கையைப் பிடித்துச் சாவியை வைத்து மூடினார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, இறங்கி வந்து பானெட்டின் மேல் மறுபடி கைவைக்கிறேன், பனி உலர்ந்துவிட்டது, சூடு ஏறுகிறது, இப்போது என்னைப் போல ஒருவன் வந்து தொட்டுப் பார்த்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று திரும்பிப் போவான், முள் நடுவுக்கு வந்திருக்கும், எட்டிப் பார்க்கவில்லை, வாசல் கதவைத் திறந்துவைத்திருக்கிறேன், அன்றைக்கு மாமனார் வீட்டுக் கதவு வழியாகத் தலையை மட்டும் நீட்டி, சேலைப் பின்னைப் பல்லில் கடித்தபடி, பாதி வார்த்தை விழுங்கிப்போக, சொன்னாள், போய் வண்டியச் சூடு பண்ணி வையுங், வந்தர்றேன்.