குலவை விழுந்த பதிவு

எனக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்க மாட்டேன். பங்குனிப் பொங்கல் அன்று சாயங்காலம் எம். புதுப்பட்டி அம்மன் கோயில் மேடையில் நின்றுகொண்டு செல்லத்தாய் மதினியைத் திட்டிவிட்டேன். அதுவும் மைக்கில்.

காரணத்தைக் கேட்டால் நீங்களும் என் பக்கம்தான் பேசுவீர்கள். என் வீட்டுக்காரர் சங்கிலிமுத்து பஹ்ரைனில் ஆறு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஊத் என்ற அரபு நரம்பு வாத்தியம் வாசிக்கும் யூசுஃபோடு சிநேகமாகி, இங்கே கல்யாண பேண்டு செட்டில் ஊதிக்கொண்டிருந்த சாக்ஸபோனில் ஜாஸையும் அரபு ராகத்தையும் கலந்து ஊதப் பழகிவிட்டார். அந்த ராகத்தில் ஒரு சுரம் இருக்கிறது, பாருங்கள், அது என் கீபோர்டில் கறுப்புக் கட்டைக்கும் பக்கத்து வெள்ளைக் கட்டைக்கும் நடுவில் விழும். அதாவது கீபோர்டில் அது கிடையவே கிடையாது. அவர் உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் பிடித்துவிடுவார். நான் நாலைந்து கட்டைகளைச் சேர்த்து அழுத்தி ஜாஸ் கார்டு வைத்தால் என் சுரமும் அவர் சுரமும் முட்டிக்கொள்ளும். ஆறு மாதம் சண்டை போட்டோம். கடைசியில் கார்டிலிருந்து அந்த ஒரு விரலை மட்டும் எடுத்துவிட்டேன். அந்தக் காலி இடத்தில் அவர் சுரம் நிம்மதியாக உட்கார்ந்தது.

ஜனங்கள் முன்னால் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லியிருந்தார் யூசுஃப். பிடித்துப்போனால் டிசம்பரில் பஹ்ரைன் மேடையில் எங்களுக்கு இடம். அனுப்பக் கடைசி நாள் அந்தப் பொங்கல் நாள். பகலெல்லாம் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற எனக்கு அந்த மேடை மேல் அப்படியொரு ஆசை.

எங்கள் ஊரில் கரகம் தூக்குவதற்கு முன்னால் நாயனக்காரர் ஒரே சுரத்தில் நீளமாக நிற்பார். பெண்கள் குலவை போட அதுதான் அடையாளம். சங்கிலிமுத்து அந்த நடுச்சுரத்தில் மூச்சைப் பிடித்து நின்றாரோ இல்லையோ, முன்வரிசையிலிருந்து செல்லத்தாய் மதினியும் மதினியோடு பட்டாசு ஃபேக்டரியில் திரி வைக்கும் இரண்டு பெண்களும் நாக்கைச் சுழற்றி ஆரம்பித்துவிட்டார்கள். சங்கிலிமுத்து அந்தச் சுரத்தில் நிற்கும்போதெல்லாம் குலவை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாட்டு முடியும்வரை வாசித்தேன்.

முடிந்ததும் மைக்கைப் பிடித்து, "பாட்டு நடந்துச்சுல்ல மதினி? எதுக்கு இந்தக் காட்டுக் கூச்சல்?" என்றேன். மதினி எழுந்து போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் அந்தப் பதிவையே அனுப்பினோம். மூன்றாம் நாள் யூசுஃப் ஃபோனில் கூப்பிட்டார். சங்கிலிமுத்து பேசி முடித்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த மூணு பொம்பளைகளும் எந்த அரபு தேசத்துக்காரகன்னு கேக்காரு. அங்கன கல்யாண வீட்டுல இதேமாதிரி போடுவாக. நடுச்சுரத்துல அச்சு அசலா நிக்காகளாம். அவுக வந்தா நமக்கும் மேடை உண்டு. வரலைன்னா இல்ல."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியில ஒருத்தி மைக்குல பேசுறாளே, பாராட்டுறாளான்னும் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

"ஆமான்னு சொல்லிட்டேன்."

மறுநாள் தாயில்பட்டியில் மதினியின் ஃபேக்டரி வாசலில் போய் நின்றேன். வேலை விட்டு எல்லாரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொல்லி, "பஹ்ரைனுக்கு வாறீகளா மதினி?" என்று கேட்டேன்.

"கூச்சல் போடுறவளுக்கு அங்கன என்ன வேல?" என்று படியில் கால் வைத்தார்.

கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வந்தது. "தப்புதான் மதினி. ஆறு மாசமா எங்கையில சிக்காத சுரத்த நீங்க ஒரே மூச்சுல பிடிச்சிட்டீக. பொறாமையில வைதுட்டேன்."

மதினி திரும்பிப் பார்த்தார். "அப்ப நீயும் போடு. கேப்போம்."

அத்தனை பேர் முன்னால் போட்டேன். குலவை வரவில்லை, இருமல்தான் வந்தது. வேன் குலுங்கச் சிரித்தார்கள்.

"டிசம்பருக்கு நாள் கெடக்கு, தேத்திருவோம்" என்று கையைப் பிடித்து என்னை வேனுக்குள் இழுத்துக்கொண்டார் மதினி. "பாஸ்போர்ட்டுக்குப் போட்டா எங்கன எடுக்கணும்?"

சொன்னேன். "அத நாளைக்குப் பாப்போம். நீ நாக்க மேல தூக்கு" என்றார்.