பஸ் போகாத வழி

கூனிமேட்டைத் தாண்டியதும், சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜான்சியின் தோளை ஒரு காரின் பக்கக் கண்ணாடி தட்டியது. லேசாகத்தான் தட்டியது. ஆனால் அவள் சாலையோரத்துப் பள்ளத்தில் போய் விழுந்தாள். காறை எலும்பு உடைந்தது. கார் நிற்கவில்லை. சைக்கிளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்பதைத் தூக்கிவிட்டவர்களிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவள் புருஷன் அமிர்தராஜ் நின்றுகொண்டிருந்தான். மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. நாற்பது பேரை ஒரே குரலில் வேலை வாங்குகிறவன் அன்றைக்குக் கெஞ்சினான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடு ஜான்சி. இனிமே பஸ்ஸு லாரி போற ரோட்ல சைக்கிள் ஓட்ட மாட்டேன்னு சொல்லு. அது போதும்."

"ஓட்ட மாட்டேங்க," என்றாள் அவள்.

சொன்ன சொல்லை அவள் மீறவில்லை. ஆரோவில் ஓரத்தில் தமிழ்வேந்தன் நடத்திவந்த சைக்கிள் பட்டறையில் அவள் ஒன்பது வருடமாக மெக்கானிக். தோள் ஆறியதும் பஸ்ஸில் வேலைக்குப் போனாள், பஸ்ஸில் திரும்பினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்வாள். வீட்டுப் பின்கட்டில் அவளுடைய கிராவல் பைக் சாக்குப் போர்த்தி நின்றது. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு கஸ்டமர் விட்டுச்சென்ற பிரேமில், பட்டறையில் மிஞ்சிய பாகங்களைப் போட்டு அவளே கட்டிய வண்டி அது. சரளையிலும் செம்மண்ணிலும் வழுக்காமல் போகிற தடித்த டயர். அந்த டயருக்குத் தார் ரோடே தேவையில்லை என்று அவளுக்கு உறைக்க ஐந்து மாதம் ஆனது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், போனில் சாட்டிலைட் மேப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மரக்காணத்திலிருந்து ஆரோவில் வரைக்கும் பஸ்ஸும் லாரியும் போகாத வழி இருக்கிறதா? விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். உப்பளத்து வரப்புகள் தெரிந்தன. கழுவேலி ஏரிக்கு மேற்கே மாட்டு வண்டிப் பாதைகள் நூல் நூலாக ஓடின. அப்புறம் குரும்புரம் காட்டின் ஓரம், அதற்குத் தெற்கே முந்திரித் தோப்புகள், கடைசியில் மழை அறுத்துப்போட்ட செம்மண் மேடுகளும் ஓடைப் பள்ளங்களும். மேப்பில் எல்லாம் தொட்டுக்கொண்டு இருப்பது போலத்தான் இருந்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் போய்ப் பார்த்தபோது தெரிந்தது, மேப்பில் இருக்கும் வழியெல்லாம் தரையில் இல்லை என்று. ஒரு வழி கருவேலம் புதருக்குள் போய் முடிந்தது. இன்னொன்று ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில். முழங்கால் அளவு சேற்றில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு காலையில், ஏரிக்குள் நின்ற நாரைக் கூட்டம் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மூச்சு வாங்க ஒரு மேட்டில் ஏறி, காட்டு நிழலுக்குள் சக்கரம் நொறநொறவென்று இறங்கும்போது, பின்னால் என்ன வருகிறது என்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அடிபட்டதிலிருந்து அவள் தோள் எப்போதும் கொஞ்சம் தூக்கியேதான் இருந்தது. அன்றைக்கு அது தானாக இறங்கியது.

எட்டு வாரத்தில் வழி சேர்ந்துவிட்டது, ஒரே ஒரு இடம் தவிர. காட்டோரப் பாதைக்கும் செம்மண் மேடுகளுக்கும் நடுவே தட்சணாமூர்த்தி என்பவரின் முந்திரித் தோப்பு கிடந்தது. பாதை தோப்புக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறியது. ஆனால் வாசலில் முள்வேலியும் பூட்டிய கேட்டும். சுற்றிப் போனால் கல்குவாரி லாரிகள் புழுதி கிளப்பும் ரோட்டில் மூன்று கிலோமீட்டர்.

ஜான்சி கேட்டருகே நின்று எட்டிப் பார்த்தபோது அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் உள்ளிருந்து கத்திக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, இன்னா இங்க? இது பொது வழியா? போ போ!"

"அண்ணா, சைக்கிள்தான். அந்தப் பக்கம் போவணும்..."

"எல்லாரும் அப்படித்தான் சொன்னானுங்க. முன்னாடி தெறந்துதான் வச்சிருந்தேன். பைக்ல வர்றது, உள்ள உக்காந்து குடிக்கிறது, பாட்டிலை ஒடச்சிப் போட்டுட்டுப் போறது. கொட்டை பொறுக்க வந்த பொம்பளைக்குக் கால்ல ஏழு தையல். தெரியுமா உனக்கு?"

"அது தப்புத்தாங்கண்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். வழியெல்லாம் அவர் மேல் கோபப்பட முயன்றாள், முடியவில்லை. ஏழு தையல் என்றால் சும்மாவா?

அன்று சாப்பிடும்போது அமிர்தராஜிடம் சொன்னாள். அவள் இப்படி ஊர் ஊராகச் சுற்றுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கொடுத்த வாக்கை மீறவில்லை என்பதால் தடுக்கவும் முடியவில்லை.

"அவரு பைக்குக்குத்தான பயப்படுறாரு. சைக்கிளுக்கு இல்லியே," என்றான் மீன்முள்ளை ஒதுக்கியபடி.

ஜான்சி கையை உதறிவிட்டு எழுந்து போய் டேப்பை எடுத்துவந்தாள். முதலில் தன் சைக்கிளின் ஹேண்டில்பாரை அளந்தாள். பிறகு வாசலில் நின்ற அவனுடைய டிவிஎஸ்ஸை அளந்தாள். டிவிஎஸ் ஒரு சாணுக்கு மேல் அகலமாக இருந்தது.

மறுவாரம் தட்சணாமூர்த்தியின் கேட்டின் முன் இருவருமாகப் போய் நின்றார்கள். அவள் சைக்கிளில், அவன் டிவிஎஸ்ஸில். வண்டியின் பின்னால் நெஞ்சு உயரத்துக்கு நான்கு இரும்புக் குழாய்களும் ஒரு கடப்பாரையும் கட்டியிருந்தார்கள்.

"மறுபடியும் நீயா?" என்றார் பெரியவர்.

"அண்ணா, பத்து நிமிசம் குடுங்க. புடிக்கலேன்னா குழாயைப் புடுங்கிட்டுப் போயிடறோம்."

கேட்டுக்கு வெளியே குழி தோண்டி இரண்டு குழாய்களை நெருக்கமாக நட்டார்கள். இரண்டடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் விலக்கி, இன்னும் இரண்டு. நுழைகிறவர் நேராகப் போக முடியாது. ஒரு நெளி நெளிந்துதான் போக வேண்டும். ஜான்சி சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி, ஆளைப் போல நடத்திக்கொண்டு நெளிந்து கடந்தாள். பெரியவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"சரி. அந்த வண்டியை வுடு பாப்போம்," என்று அமிர்தராஜைக் காட்டினார்.

அமிர்தராஜ் டிவிஎஸ்ஸைத் தள்ளினான். ஹேண்டில்பார் இடித்தது. சாய்த்துப் பார்த்தான், கண்ணாடி மாட்டிக்கொண்டது. தூக்கிப் பார்த்தான், சைலன்சர் காலைச் சுட்டது. தோற்பதற்காக வந்தோம் என்பதே அவனுக்கு மறந்துபோய், எப்படியாவது நுழைத்துவிடும் வெறி பிடித்துவிட்டது. "ஒரு நிமிசம் இருங்க, இப்படித் திருப்பினா வந்துடும்," என்று வண்டியோடு மல்லுக்கட்டி, கடைசியில் அவனும் வண்டியும் குழாய்களுக்கு நடுவே முன்னும் போகாமல் பின்னும் வராமல் மாட்டிக்கொண்டார்கள்.

தட்சணாமூர்த்தி சிரிக்க ஆரம்பித்தார். வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்து பின்சக்கரத்தைப் பிடித்து இழுத்து அவரே விடுவித்தார்.

"குழாய் இருக்கட்டும்," என்றார். "ஆனா கொட்டை சீசன் முடியட்டும், அப்பறம் கேட்டைத் தெறந்து வுடுறேன். ஒரே நேரத்துல பத்துப் பேருக்கு மேல கூடாது. ஒரு மிட்டாய்க் காகிதம் கீழ கெடந்தாலும் திரும்ப மூடிடுவேன்."

"நானே பொறுக்கிடறேன் அண்ணா."

ஜூலை கடைசியில், இரண்டு நாள் மழை பெய்து செம்மண் இறுகியிருந்த ஒரு ஞாயிறு விடியலில் ஒன்பது பேர் மரக்காணத்திலிருந்து கிளம்பினார்கள். ஜான்சியையும் தமிழ்வேந்தனையும் தவிர மற்றவர்கள் பட்டறையின் கஸ்டமர்கள். ரோட்டுக்குப் பயந்து சைக்கிளை மூலையில் போட்டிருந்தவர்கள். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் அஸ்வினி நான்கு வருடம் கழித்து ஓட்டுகிறாள். தமிழ்வேந்தன் தொப்பையோடும் புது ஷூவோடும் வந்திருந்தான்.

உப்பளத்தில் ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. வரப்பில் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து மிதித்தார்கள். பாத்தியில் தேங்கிய மழைத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தார்கள். மேஸ்திரி பெண்டாட்டி என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னது காற்றில் கேட்டது. ஏரியைத் தாண்டிக் காட்டோரத்துக்கு வந்ததும் காற்று பட்டென்று நின்றது. ஏற்றத்தில் தமிழ்வேந்தன் இறங்கித் தள்ளினான்.

"ஏம்பா ஜான்சி, இன்னும் எத்தினி மேடு?"

"இதான் சின்ன மேடு. மூச்சைப் புடிச்சி வச்சிக்கோங்க."

தோப்பு வாசலில் ஒன்பது பேரும் சைக்கிளை நிமிர்த்தி நெளிந்து கடந்தார்கள். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் எண்ணினார். அந்தப் பக்கம் போய் மேட்டில் ஏறி, ஓடைப் பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி மரங்களுக்குள் நுழைந்தபோது மூச்சும் சரளைச் சத்தமும்தான். அஸ்வினி மட்டும் இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஓவென்று கத்தினாள்.

பட்டறை வாசலில் அமிர்தராஜ் காத்திருந்தான். பஸ்ஸில் முன்னாலேயே வந்து, ஒன்பது பேருக்கும் இட்லியும் வடகறியும் வாங்கி வைத்திருந்தான். முழங்கால் வரை சிவப்பாக, உப்பும் வியர்வையும் காய்ந்த முகத்தோடு வந்து இறங்கியவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"வழியில ஒரு வண்டிகூட வரலியா?"

"ஒரே ஒரு மாட்டு வண்டி. அவரும் ஒதுங்கி வழி வுட்டாரு."

அவன் அவள் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தான். பிறகு பட்டறைக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ கேட்பது போலக் கேட்டான்:

"என் ஒயரத்துக்கு எது சரியா வரும்?"

வாயில் இட்லி இருந்ததால் ஜான்சியால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கையால் மூன்றாவதைக் காட்டினாள்.