பத்தடிப் படத்தில் ஒரு பொட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு மின்கம்பத்தில் கிடைத்தது. தேனியில் பெரியகுளம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கம்பத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில் இரண்டு வயதுப் பையன் ஒருவன் சிரித்தான். ஓரம் கிழிந்திருந்த இடத்தில் அடியிலிருந்த பழைய பிளெக்ஸ் தெரிந்தது. காதணி விழா. அதிலும் அதே சட்டை, அதே சிரிப்பு.

நான் பார்த்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் கற்பனை. அப்படிச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'விஜய்பாண்டி தன் மகளைப் படம் எடுக்கப் பயந்தான். காரணம்'

நிறுத்திவிட்டேன். காரணத்தை முதல் வரியிலேயே சொல்வது செய்திக்குச் சரி.

அடுத்தது: 'கெங்குவார்பட்டியில் அன்று மதியம் வெயில் சன்னல் வழியாக'

(வெயிலை வர்ணிக்க உட்கார்ந்தால், நான் எதையோ தள்ளிப்போடுகிறேன் என்று அர்த்தம்.)

நேராகச் சொல்கிறேன். விஜய்பாண்டி தேனியில் ஒரு பிளெக்ஸ் கடையில் படம் எடுத்து டிசைன் செய்கிறவன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கைவழியாகத்தான் போகும். வருகிற ஞாயிறு அவன் மகளுக்கே காதுகுத்து. தாய்மாமன் பாண்டீஸ்வரன் லோயர் கேம்பில் இருக்கிறான். பத்தடிக்கு பிளெக்ஸ் வைப்பது அவன் உரிமை. அதற்குப் படம் வேண்டும்.

3

கெங்குவார்பட்டி வீட்டின் வாசல் கதவில் வெள்ளை வேட்டியைத் திரையாகத் தொங்கவிட்டு, முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் பாப்பாவை உட்காரவைத்திருந்தார்கள். ஜோதிலட்சுமி மையைத் தொட்டு மகளின் இடது கன்னத்தில் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். உள்ளங்காலில் இன்னொன்று.

விஜய்பாண்டி கேமராவைக் கண்ணில் வைத்தான். இறக்கினான். மறுபடி வைத்தான்.

"ஊருப் பிள்ளைகளையெல்லாம் ஒரு நொடியில எடுக்குறீக. நம்ம பிள்ளைக்குத்தான் இம்புட்டு நேரமாக்கும்?"

"வெளிச்சம் பத்தல."

"வெளிச்சமா? அங்கன பாருங்க, மொகத்துல வெயிலு கொட்டுது. இன்னும் செத்த நேரம் போனா ஒம்மக தூங்கிருவா."

"வாயக் கழுவுடி!"

ஜோதிலட்சுமி திகைத்தாள். தூக்கம் என்றுதான் சொன்னாள். அவன் காதில் எந்தச் சொல் பட்டது என்று அவளுக்கு விளங்கவில்லை.

பாப்பா சிரித்தாள். அவன் அழுத்திவிட்டான்.

படத்தைப் போனில் அனுப்பிய சிறிது நேரத்தில் பாண்டீஸ்வரன் கூப்பிட்டான். "மச்சான், படம் அருமை. அந்தப் பொட்ட மட்டும் தூக்கிருங்க. பத்தடியில தோசை மாதிரித் தெரியும். எங்கூருக்காரய்ங்க ஓட்டியே கொன்னுருவாய்ங்க!"

விஜய்பாண்டி போனை வைத்துவிட்டுக் கேமராவை உறையில் போட்டான்.

4

இப்போது காரணம்.

மின்கம்பத்தில் சிரித்தானே, அந்தப் பையனின் அப்பா சின்னச்சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கும் காதுகுத்துப் படம் எடுத்தது விஜய்பாண்டிதான். "பொட்ட எடுத்துருப்பா, மூஞ்சி பளிச்சுனு இருக்கட்டும்" என்றார் சின்னச்சாமி. எல்லாரும் சொல்வதுதான். திரையில் பக்கத்துத் தோலை எடுத்துப் பொட்டின்மேல் நாலு தரம் மவுஸால் அமுக்கினான்; கன்னம் சுத்தமானது. கடை கம்ப்யூட்டரில் இடமில்லாததால் பழைய படத்தின் மேலேயே சேவ் செய்தான். அதுதான் கடை வழக்கம்.

இரண்டு மாதம் கழித்துப் பையனுக்கு மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் சின்னச்சாமி கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்காகக் கடைக்கு வந்தார்.

"அந்தப் படத்தையே போட்ருப்பா. வேற நல்ல படம் இல்ல."

படியிறங்கப் போனவர் திரும்பி நின்றார்.

"அவன் ஆத்தா ஒண்ணு கேட்டா. பொட்டோட எடுத்தது இருக்குமா? அது அவ வெரலால வச்சது."

"தேடிப் பாக்குறேண்ணே" என்றான் விஜய்பாண்டி. தேட எதுவும் இல்லை. அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார். திட்டியிருந்தால் தேவலை.

இதை அவன் ஜோதிலட்சுமியிடம் இன்னும் சொல்லவில்லை.

(பொட்டுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை. விஜய்பாண்டிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் பயப்படுகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கதை.)

5

முடிவு அ: அவன் பொட்டை அப்படியே விடுகிறான். லோயர் கேம்ப் ஆட்கள் தோசையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பாப்பா காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், ஒரு வாரத்தில் புண் ஆறுகிறது. எழுதிப் பார்த்தேன். நல்ல முடிவு. ஆனால் மின்கம்பத்தைப் பார்த்த கண் அதை நம்ப மறுக்கிறது.

முடிவு ஆ: அவன் அழிக்கிறான். அன்று சாயங்காலம் பாப்பாவின் உடம்பு லேசாகச்

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, பாப்பாவுக்குப் பெயர் இல்லை. முதல் வரைவில் இருந்தது. 'ஆ'வை எழுதிய அன்று, ஒவ்வொரு பக்கமாகப் போய் அந்தப் பெயரை எடுத்துவிட்டேன். பழைய வரைவின் மேலேயே சேவ் செய்தேன். அப்புறம்தான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

6

திங்கட்கிழமை, கடை. விஜய்பாண்டி படத்தை மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்துவிட்டான். பிறகு கன்னத்தைப் பெரிதாக்கினான். திரை முழுக்கக் கறுப்பு மை. மைக்குள் வளைந்து வளைந்து மெல்லிய கோடுகள்: ஜோதிலட்சுமியின் விரல் ரேகை.

போன் அடித்தது. பாண்டீஸ்வரன்.

"மச்சான், பொட்டத் தூக்கிட்டீகளா? பிரிண்டுக்குப் போகணும்ல?"

மவுஸ் பொட்டின்மேல் நிற்கிறது. நான் இங்கே நிறுத்துகிறேன். நான் நிறுத்தியவரைக்கும் பொட்டு இருக்கிறது.

மேலே எழுதுவது உங்கள் இஷ்டம். அழித்தாலும் சரி, விட்டாலும் சரி. ஆனால் பெயரில்லாத பிள்ளைக்கு, படிக்கும்போதே நீங்கள் ஒரு முகம் கொடுத்திருப்பீர்கள். அது யார் முகம் என்று என்னிடம் சொல்லவேண்டாம்.