தேரைக்குப் பத்து நிமிஷம்

என் நாத்தனாருக்கு மூஞ்சூறு ஆராய்ச்சி. எனக்குத் தேரை. ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் வாய்த்ததற்காக என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

அவளுடைய மலை மூஞ்சூறு ஐந்து கிராம்கூட இருக்காது. இரண்டு மணி நேரம் தின்னாவிட்டால் உயிர் போய்விடும். என் தேரையோ மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் அசையாது. "கல்லுக்குள்ள இருக்கற தேரைக்கும் படியளக்க ஒருத்தன் இருக்கான். என் மூஞ்சூறுக்கு நான்தானே அண்ணி!" என்பாள். நான்கு வருஷமாக அவளுக்குக் கிடைத்ததெல்லாம் செத்தவை. அதன் குரலை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டுவிட வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. என் தேரை இனத்தையும் ஒன்பது வருஷமாக ஒருவரும் பார்க்கவில்லை.

அன்று காலை அவளுக்குக் கணுக்கால் சுளுக்கு. அப்படியும் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு நொண்டி வந்தாள்.

"மூஞ்சூறு தான் போக வழியக் காணோமாம், விளக்குமாத்தக் கவ்விக்கிச்சாம். படு பேசாம. வாளிங்கள நான் பாத்துட்டு வரேன்" என்றேன்.

கருவியையும் புழு டப்பாவையும் என் பையில் திணித்தாள். "உயிரோட இருந்தா மொதல்ல புழு போடுங்க அண்ணி. மத்ததெல்லாம் அப்புறம்."

மலைச்சரிவில், ஓடுகிற பிராணிகள் விழுந்து சிக்குவதற்காக மண்ணில் புதைத்த வாளிகளில் ஏழாவதற்குள் மூஞ்சூறு உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தது. நீண்ட மூக்கு நடுங்கியது. அதன் பக்கத்திலேயே என் தேரை!

எனக்குக் கை கால் ஓடவில்லை. "ஒரு நிமிஷம் இரு" என்று மூஞ்சூறிடம் வாய்விட்டே சொல்லிவிட்டுத் தேரையை எடுத்துப் புரட்டினேன். வயிற்றில் ஆரஞ்சுப் புள்ளிகள். படம் எடுத்தேன், எண்ணினேன். வாளிக்குள் மூஞ்சூறு கத்தியது. எண்ணிக்கை தப்பிவிட, முதலிலிருந்து எண்ணினேன். பதினான்கு.

டப்பாவைத் திறந்தபோது பத்து நிமிஷம் கடந்திருந்தது. புழு மேலே விழுந்தும் மூஞ்சூறு அசையவில்லை.

வீட்டில் நாத்தனார் அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அழுதுவிட்டேன். அவள் திட்டவில்லை.

"கத்துச்சா?" என்றாள்.

"கத்துச்சு."

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து நோட்டை இழுத்தாள். கண் பளபளத்தது. "எப்படி அண்ணி? கீச்சுனா? விட்டு விட்டா, ஒரே மூச்சாவா?"

யோசித்துப் பார்த்தேன். புள்ளிகள்தான் வந்தன, ஒவ்வொன்றாக.

"கவனிக்கல" என்றேன்.