தடத்துக்கு நன்றி

1

இந்தக் கதை சோம்பேறித்தனத்தில் பிறந்தது. என்னுடையதில் அல்ல, ஒரு கூடம் நிறைய ஆட்களுடையதில்.

தாத்ரா மலையில், மரங்கள் நின்றுபோகிற உயரத்தில் இருக்கிறது போஹுஷ் நடத்தும் விடுதி. மூன்று நாள் கொட்டிய பனி விடியலில் ஓய்ந்து, வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. பனிச்சறுக்கு ஆட்கள் எல்லாரும் எழுந்து, உடுத்தி, தலைக்கவசம்கூட மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கிளம்பவில்லை. ஒருவர் பூட்ஸின் கொக்கியைக் கழற்றித் திரும்ப மாட்டினார். இன்னொருவர் மறுபடி தேநீர் சொன்னார். காரணம் எல்லாருக்கும் தெரியும். முதலில் போகிறவர் தொடையளவுப் பனியை உழுது தடம் போட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அதில் பிராகாரம் சுற்றுவதுபோல் வரலாம். வீரர்கள் நிறைந்த அந்தக் கூடத்தில் ஒவ்வொருவரும் இரண்டாவது வீரராகும் வாய்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

என் முழங்கால் மலையை விட்டு வெகுநாளாகிறது. குளிர்காலத்தில் வந்து ஒரு வாரம் தங்குவேன். போஹுஷுக்கு உருளைக்கிழங்கு சீவிக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் எழுதுவேன். அன்று எழுதாமல் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவர் மேலிருந்து இறங்கினார்கள். இருவர் கீழிருந்து ஏறினார்கள். சந்தித்தார்கள், பிரிந்தார்கள். இறங்கியவர்களில் ஒருவர் சற்றுத் தள்ளிப் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

பார்த்தது அவ்வளவுதான். மீதி கட்டியது.

2

முதல் தொடக்கம்: ‘வெண்மையின் பேரமைதியில், இயற்கையின் முன் மனிதன் எத்தனை சிறிய—’

எழுதும்போதே கொட்டாவி வந்தது. மனிதன் சிறியவன் என்று எழுதுகிற யாரும் தன்னைச் சேர்த்துச் சொல்வதில்லை.

இரண்டாவது: ‘தான் ஒரு தவறு செய்யப்போவது இவெத்தாவுக்குத் தெரிந்திருந்தால்—’

இதையும் அடித்தேன். தவறா இல்லையா என்பதுதானே கேள்வி. முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு அப்புறம் விசாரணை நடத்த நான் என்ன பத்திரிகையா?

மூன்றாவது, வேறு வழியில்லாமல், நேராக: இவெத்தா, மார்ட்டின் என்ற நகரத்தில் பல் மருத்துவர். ஐம்பதைத் தாண்டியவள். அந்தக் காலையில் தேநீர்க் கோப்பையைத் தள்ளிவிட்டு அவள்தான் முதலில் எழுந்தாள்.

“உனக்கு மட்டும் என்ன அவசரம்?” என்றான் கணவன் வெந்தெலின். தரை ஓடு வியாபாரி. காத்திருந்தால் விலை இறங்கும் என்பது அவன் அனுபவம். “நீ உழுதுட்டுப் போ. இந்தக் கும்பல் பூரா பின்னாடி சொகுசா வரும்.”

“வரட்டும். வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கவங்களை வருஷம் பூரா பார்க்கறேன். லீவுலயுமா?”

வாசலில் போஹுஷ் மாட்டியிருந்த பலகையில் அன்றைய பனிச்சரிவு அபாயம் ஐந்துக்கு மூன்று என்று இருந்தது. மூன்று ஒரு விசித்திரமான எண். பயப்படுகிறவர் அதைப் பாதிக்கு மேல் என்று படிப்பார். பயப்படாதவர் இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறதே என்று படிப்பார். தேர்வில் வாங்கியிருந்தால் முதல் வகுப்பு.

(போஹுஷிடம் ஒருமுறை கேட்டேன், “இந்தப் பலகையை யாராவது படிக்கறாங்களா?” “படிக்கவா வெச்சேன்?” என்றார். “நாளைக்கு வக்கீல் கேட்டா காட்டணும்.”)

3

எதிரே வரப்போகிற இருவரை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி நேரத்தில் ஆட்களைக் கொண்டுவந்து பனியில் புதைக்கிற பழக்கம் எனக்கு அலுத்துவிட்டது.

ஒருவன் கமில். முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் அவனை எல்லாரும் அறிந்துகொண்டோம். அறிந்துகொள்ளாமல் இருக்க அவன் விடவில்லை. வார இறுதிப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்திருந்தான். புதைந்தால் தேடுவதற்குக் கருவி, சரிவு அளக்கக் கருவி, இழுத்தால் ஊதிக்கொள்ளும் முதுகுப்பை, எல்லாம் வைத்திருந்தான். “பனி ஒரு புத்தகங்க,” என்று சூப் ஆறும்வரை விளக்கினான். “அடுக்கடுக்கா படிக்கணும்.”

“பக்கத்தைப் புரட்டறதுக்குள்ள அதுவே மேல விழுந்துடும்,” என்று அடுத்த மேசையில் வெந்தெலின் ரொட்டியிடம் சொன்னான். இவெத்தா அவன் காலை மிதித்தாள்.

இன்னொருத்தி அவனோடு வந்த பெண். பச்சை ஜாக்கெட், இரவல் வாங்கியது. அதன் கைகளை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருந்தாள். கமில் பேசும்போது தலையாட்டினாள். மற்றவர்கள் பேசும்போது காது கொடுத்தாள்.

அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. ஒரு பெயர், ஒரு கன்னக்குழி, ஊரில் காத்திருக்கும் அம்மா என்று வரிசையாகச் சேர்த்தேன். ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பச்சை ஜாக்கெட் போதும். அவள் செத்துப்போகக் கூடாது என்று நீங்கள் நினைக்க அதற்குமேல் என்ன வேண்டும்?

4

மேலே போனது இப்படி. இவெத்தா முன்னால், வெந்தெலின் பின்னால், புதர்களைத் தாண்டி, முதுகு போன்ற மேட்டில் ஏறினார்கள். மேட்டின் முடிவில் ஒரு பாறை. பாறையைச் சுற்றி வளைந்தால் கணவாய்க்குக் கீழே அகன்ற சரிவு. இவெத்தா வளைந்தாள். சரிவுக்குள் பத்தடிகூடப் போயிருக்க மாட்டாள்.

சத்தம் கேட்டது. நெல் மூட்டையைக் கிடங்கில் போட்ட மாதிரி ஒரு ‘தொம்’. காலடியில் மட்டும் அல்ல, சரிவு முழுக்க. மொத்தப் பனியும் ஒரு விரல் கீழே அமர்ந்தது. அடியில் ஏதோ அடுக்கு நொறுங்கியிருந்தது. மேலே இருந்த பனி இன்னும் சரிந்து இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இருவரும் வந்த தடத்திலேயே பின்வாங்கி, பாறையைத் தாண்டியபிறகுதான் வெந்தெலின் மூச்சுவிட்டான். “சூப்,” என்றான். “இன்னைக்குப் பூண்டு சூப்னு போஹுஷ் சொன்னான்.”

நான் கவனிக்கச் சொல்வது அவர்களை அல்ல, தடத்தை. அது விடுதி வாசலிலிருந்து கிளம்பி, வளைந்து வளைந்து, பாறைவரை தெளிவாகப் போகிறது. பாறைக்குப் பின்னால் பத்தடியில் நின்றுவிடுகிறது என்பது கீழிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. அதோடு, அதே பக்கத்திலிருந்து இருவர் உற்சாகமாகச் சறுக்கி வருகிறார்கள். பார்க்கிறவர் என்ன நினைப்பார்?

(தடம் என்பது எழுத்து, பின்தொடர்கிறவர் வாசகர் என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். மிக அழகாக வந்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.)

5

புதர்களுக்கு மேலே சந்தித்தார்கள். கமில் முன்னால் வந்தான். தடம் ஒற்றையடி என்பதால் இவெத்தாவும் வெந்தெலினும் ஒதுங்கி நின்றார்கள். கமில் தலையசைத்துக் கடந்துபோனான். கையில் இருந்த கருவி எதையோ அளந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த பெண் நின்றாள். முகம் சிவந்து மூச்சு வாங்கியது.

தடம் போட்டவருக்கு நன்றி சொல்வது இந்த மலைப்பக்கத்து மரியாதை. சொல்லாமல் போகிறவனை விடுதியில் பெயர் சொல்லித் திட்டுவார்கள். அவள் நேற்றுத்தான் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

“தடம் போட்டதுக்கு ரொம்ப நன்றிங்க,” என்றாள். “இது இல்லைன்னா நான் பாதியிலயே திரும்பியிருப்பேன்.”

அதற்குப் பதிலும் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாரும் சொல்வது. இவெத்தாவின் நாக்கு அதை அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

“பரவாயில்லைம்மா. நல்லபடியா போயிட்டு வாங்க.”

பெண் சிரித்துவிட்டு ஏறினாள். இவெத்தா கொஞ்ச தூரம் சறுக்கினாள். நின்றாள்.

(இந்தப் பேச்சு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நால்வரில் ஒருவர் சொன்னார். யார் என்று சொன்னால், யார் திரும்பி வந்தார் என்று தெரிந்துவிடும்.)

6

இனி என் கைவேலை.

“ஏன் நின்னுட்டே?” என்கிறான் வெந்தெலின்.

“அவகிட்ட நான் நல்லபடியா போயிட்டு வான்னு சொன்னேன்.”

“வேற என்ன சொல்லணும்? நல்லா இல்லாதபடி போன்னா?”

“மேல சத்தம் கேட்டதைச் சொல்லலையே.”

“அவனுக்குத் தெரியாததா? நேத்து நமக்கே பாடம் எடுத்தானே.”

“அவனுக்கு எல்லாம் தெரியும், வெந்தெலின். அந்தச் சத்தம் தெரியாது. அதைக் கேட்டது நாம ரெண்டு பேர்தான்.”

வெந்தெலின் கெட்டவன் இல்லை. களைத்தவன். போன குளிர்காலத்தில் ஒரு மீசைக்காரர் இவெத்தாவை வழியில் நிறுத்தி, தேடும் கருவியை ஏன் அணைத்து வைத்திருக்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். “மலையைக் குத்தகைக்கு எடுத்திருக்கீங்களா?” என்று இவள் கேட்டுவிட்டாள். அவர் சொன்னது சரி. அதனால்தான் இவள் கோபம் இன்னும் ஆறவில்லை. எச்சரிக்கிறவரை யாருக்கும் பிடிக்காது என்பது அவளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யுங்கள் என்று இத்தனை வருடமாகச் சொல்கிறாள். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். எல்லாரும் ஓட்டைப் பல்லோடு வந்து நிற்கிறார்கள்.

“கூப்பிட்டா கேக்கற தூரம்தான்,” என்கிறாள்.

“கூப்பிடு. அவன் உன்னைக் கிழவின்னுவான். அப்புறம் போகத்தான் போறான்.”

(கத்தினால் பனி சரியும் என்பதெல்லாம் சினிமா. கத்தினால் சரிவது கௌரவம்தான்.)

“அவன் எங்கயோ போகட்டும்,” என்கிறாள் இவெத்தா. “அந்தப் பொண்ணு அவன் பின்னாடி போகலை. என் தடத்துல போறா.”

இந்த வரியை எழுதியபிறகு வெந்தெலினுக்கு ஒரு பதில் தேடினேன். கிடைக்கவில்லை. அவனை மூக்குச் சிந்த வைத்திருக்கிறேன்.

7

முடிவுக்கு வரலாம். கையில் மூன்று இருக்கின்றன, ஒன்றும் ஒழுங்காக இல்லை.

இவெத்தா கத்துகிறாள், அவர்கள் திரும்புகிறார்கள். சரிவு அங்கேயே கிடந்து வசந்தத்தில் தண்ணீராகப் போகிறது. அவள் இருவரைக் காப்பாற்றினாளா, அல்லது நல்ல நாளொன்றைக் கெடுத்தாளா என்று யாருக்கும் எப்போதும் தெரியாது. பயந்தாங்கொள்ளி பல் டாக்டர் கதையைக் கமில் போகிற விடுதியிலெல்லாம் சொல்லிச் சிரிக்க வைக்கிறான்.

இன்னொன்றில் அவள் கத்தவில்லை, பனி விழுகிறது. கதை கேட்ட பத்திரிகை ஆசிரியருக்கு இதுதான் வேண்டும். “பனிச்சரிவு எத்தனாவது பக்கத்துல சார் வருது?” என்று போனிலேயே கேட்டுவிட்டார். எழுதியும் பார்த்தேன். வெள்ளைக்கு நடுவே மடித்துவிட்ட பச்சைக் கை ஒன்று. எவ்வளவு சுலபமாக, எவ்வளவு நயமாக வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவதில் அவள் கத்தவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. பெரும்பாலான நாட்களில் நடப்பது இதுதான். இருவரும் கன்னம் சிவக்க வந்து சூப் குடிக்கிறார்கள். மூன்றில் எனக்கு அதிகம் பயம் தருவது இது. அந்தச் சரிவு நல்ல சரிவு என்று கமில் கற்றுக்கொண்டுவிட்டான். வாயை மூடிக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று இவெத்தா கற்றுக்கொண்டுவிட்டாள்.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அன்று மேசையில் கிண்ணம் வைத்தவனே நான்தான். எத்தனை கிண்ணம் நிறைந்தது, எது காலியாக நின்றது, எதுவும் நின்றதா என்பதெல்லாம் தெரியும். ஆனால் சொன்ன மறுகணம் நீங்கள் கிண்ணத்தை எண்ணித் தீர்ப்பு எழுதிவிடுவீர்கள். நிறைந்திருந்தால் அவள் வீண் பயம் பிடித்தவள், இல்லாவிட்டால் கொலைகாரி. அங்கே நின்றபோது அவளிடம் கிண்ணம் எதுவும் இல்லை. கேட்ட ஒரு சத்தமும் வாங்கிக்கொண்ட ஒரு நன்றியும்தான் இருந்தன.

ஆகவே அவளை அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன். வெந்தெலின் விடுதிப் பக்கம் பார்க்கிறான். மேலே கமில் பாறையை நெருங்கிவிட்டான். அவன் கருவி பச்சை விளக்குக் காட்டுகிறது. பின்னால் அந்தப் பெண் ஒவ்வொரு அடியையும் இவெத்தா வைத்த இடத்தில் பார்த்துப் பார்த்து வைக்கிறாள். இன்னும் கூப்பிட்டால் கேட்கும்.

சூப் கொதித்துவிட்டது. கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் முதலில் சொல்லுங்கள், அப்புறம் நிமிர்த்துகிறேன்.