நோயாளியின் இடது

மருத்துவக் கல்லூரிகள் எங்கள் எல்லோரையும் ஒருமுறையாவது திருப்பி அனுப்பியிருந்தன. அதனால்தான் அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில் அந்த ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தோம். முதலாண்டு மருத்துவ மாணவர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய தேர்வையே நாங்களும் எழுத வேண்டும். அவர்களுடைய சராசரியைத் தாண்டினால் கதவு திறக்கும். இல்லையென்றால் வேறு பிழைப்பு.

பாடங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு, கணினியில் எல்லோருக்கும் பொதுவான ஒரே கோப்பில் குறிப்பு எழுதினோம். முதல் மாதச் சண்டைகளுக்குப் பிறகு ஒரு விதி வந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தொடக் கூடாது. தப்பு தெரிந்தால் ஓரத்தில் திருத்தம் சொல்லலாம். எழுதியவர் அதைப் பார்த்து, சரிக்குறியை அழுத்தினால்தான் மாறும்.

கழுத்து நரம்புகள் காஸின் பங்கு. டொலீடோ ஊர்க்காரன், போலந்து வம்சம். இடதுகைக்காரன். நானும் அவனும் எங்களுக்குள் என்ன என்பதைப் படிப்பு முடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தோம்.

குரல்வளைக்குப் போகும் நரம்பு வலப்பக்கம் கழுத்தடியிலேயே திரும்பிவிடும். இடப்பக்கம் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே வரும். காஸ் இதை மாற்றி எழுதியிருந்தான்.

"எதிர்ல நின்னு பாத்தா அப்படித்தானே தெரியுது?" என்றான்.

"நீ எதிர்ல நில்லு, தலைகீழா நில்லு. நோயாளியோட இடதுதான் இடது."

"இவன் ஆபரேஷன் பண்ணா நல்ல கால் போயிடும்" என்றாள் பக்கத்து மேசையிலிருந்த லூசிண்டா.

"இன்னொண்ணு மிச்சம் இருக்கும்ல" என்றான்.

நான் ஓரத்தில் திருத்தம் போட்டேன். அதன் கீழேயே பதில் எழுதினான்: "மாத்திடறேன் டாக்டரம்மா. முதல்ல போய்ச் சாப்பிடு."

அந்த வார இறுதியில் வீட்டுக்குப் போகும்போது, பனி உறைந்த நெடுஞ்சாலையில் அவன் கார் சறுக்கி ஒரு லாரியின் அடியில் போய்விட்டது.

சவப்பெட்டியைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஜெபமாலையை அவன் இடது கையில் சுற்றியிருந்தார் அவன் அம்மா டனூட்டா.

"அவனத் திட்டிட்டே இருப்பியாமே, அந்தப் பொண்ணு நீதானா?"

"ஆமாங்க."

"சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எதிரே நின்ற எனக்கு ஜெபமாலை வலப்பக்கம் தெரிந்தது.

தேர்வு வாரத்தில் டெஷான் என்னை நூலக வாசலில் நிறுத்தினான். எங்களில் நிதானமானவன் அவன்.

"மெரடித், அந்த நரம்பு இன்னும் அப்படியே இருக்கு."

"திருத்தம்தான் பக்கத்துலயே இருக்கே. பாத்துப் படிங்க."

"அச்செடுத்தா ஓரத்துல இருக்கறது வராது. லூசிண்டா காகிதத்துலதான் படிக்கறா."

"எழுதினவன்தான் அழுத்தணும். அதான விதி."

அவன் காலணியால் பனியைத் தட்டினான்.

"அழுத்தினா அவன் எழுதின பதிலும் போயிடும்னு பாக்கற. பழைய பதிவுல தேடினா கிடைக்கும்."

கிடைக்கும்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் கோப்பைத் திறந்தவுடன், தேடாமலே, அவன் என்னைச் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தான்.

உள்ளே ஜன்னலோரம் லூசிண்டா கண்ணை மூடி உருப்போட்டுக்கொண்டிருந்தாள். "வலது, பெருந்தமனி. வலது, பெருந்தமனி." இரண்டு முறை விண்ணப்பித்துத் தோற்றவள். வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். காஸின் தவறை அவன் சொற்களிலேயே, அவன் எழுதிய வரிசையிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது எனக்கு.

கணினியைத் திறந்தேன். சரிக்குறியை அழுத்தினேன். 'வலது' போய் 'இடது' வந்தது. ஓரம் வெள்ளையாகிவிட்டது.

"லூசிண்டா, அத மாத்திப் படி. பெருந்தமனி இடப்பக்கம்."

அவள் கண் திறந்து காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குழப்பத்தில் தன் கழுத்தின் ஒரு பக்கத்தைத் தொட்டாள், பிறகு மறுபக்கத்தை.

"யாரோட இடது?"

"அவனோட இடது" என்றேன்.